‘கமாண்ட் நாட் ஃபவுண்ட்’: லினக்ஸ் ஷெல்லில் கட்டளை அகப்படாதபோது காரணத்தைக் கண்டறிந்து சரிசெய்யும் முழு வழிகாட்டி

லினக்ஸ் முனையத்தில் ஒரு கட்டளையைத் தட்டி என்டர் விசையை அழுத்தியதும் ‘கமாண்ட் நாட் ஃபவுண்ட்’ என்ற செய்தி வந்தால், நம்மில் பலர் அடுத்த நொடியே அந்தப் பெயரில் ஏதாவது ஒரு நிரல் தொகுப்பை நிறுவ முயல்கிறோம். சில வேளைகளில் அதுவே தீர்வாகவும் அமைந்துவிடுகிறது. ஆனால், குறிப்பிட்ட சில இடங்களில் தேடிப் பார்த்ததில் இந்தப் பெயருக்குரிய எதுவும் அகப்படவில்லை என்பது மட்டுமே, நாம் தட்டும் கட்டளைகளைப் படித்து இயக்கும் நிரலான ஷெல் அந்தச் செய்தியின் வழியாகத் தெரிவிப்பது. நிரல் கணினியில் இல்லவே இல்லை என்று அது ஒருபோதும் சொல்வதில்லை. இந்த வேறுபாட்டை மனத்தில் கொண்டால், நிறுவுவதற்கு முன்பே சரிபார்க்க வேண்டியவை எவை என்பது தெளிவாகிவிடும்: தட்டிய பெயர் சரியா, நிரல் வட்டில் இருக்கிறதா, இருக்குமானால் ஷெல் தேடும் இடங்களின் பட்டியலில் அதன் கோப்புறை இடம்பெற்றிருக்கிறதா, அந்தப் பட்டியல் யாருடையது.

இந்த வழிகாட்டி பாஷ் ஷெல்லையும், டெபியன், உபுண்டு ஆகிய லினக்ஸ் வழங்கல்களையும் அடிப்படையாகக் கொண்டது. ஃபெடோராவும் ரெட் ஹேட்டும் வேறுபடும் இடங்களை ஆங்காங்கே சுட்டியிருக்கிறேன். கட்டளைகளும் கோப்புப் பெயர்களும் இங்கே ஒலிப்பின்படி தமிழ் எழுத்தில் தரப்பட்டுள்ளன. முனையத்தில் தட்டும்போது அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்ட வேண்டும். பாத், ஹோம் ஆகிய சூழல் மாறிகளை (ஷெல்லும் நிரல்களும் படிக்கும் பெயரிட்ட மதிப்புகளை) மட்டும் முழுவதும் பெரிய எழுத்தில் தட்ட வேண்டும். வேறெங்கேனும் பெரிய எழுத்து தேவைப்பட்டால் அவ்விடத்திலேயே சொல்லியிருக்கிறேன்.

## ஷெல் எங்கெல்லாம் தேடுகிறது

ஒரு வரியின் முதற்சொல்லையே ஷெல் கட்டளையின் பெயராக எடுத்துக்கொள்கிறது. அந்தப் பெயரில் சாய்கோடு இருந்தால் தேடலே நடைபெறாது. அது ஒரு கோப்பின் முகவரி என்று கொண்டு, அந்தக் கோப்பை நேரடியாக இயக்க முயலும். சாய்கோடு இல்லையென்றால், முதலில் அது ஏலியஸ் எனப்படும் மாற்றுப்பெயரா என்று பார்க்கும். பிறகு ஷெல்லுக்குள் வரையறுக்கப்பட்ட ஃபங்ஷனா, அதன்பின் ‘சிடி’, ‘எக்கோ’, ‘எக்ஸ்போர்ட்’ போல ஷெல்லிலேயே உள்ளடங்கிய கட்டளையா என்று பார்க்கும். இவற்றில் எதுவும் பொருந்தாதபோதுதான், பாத் என்ற சூழல் மாறியில் முக்காற்புள்ளியால் பிரித்து எழுதப்பட்டிருக்கும் கோப்புறைகளை இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாகத் திறந்து, அப்பெயரில் இயக்குரிமை உள்ள கோப்பு இருக்கிறதா என்று தேடும். முதலில் அகப்படுவதை இயக்கிவிட்டு அத்தோடு நிறுத்திக்கொள்ளும்.

நீங்கள் நிற்கும் கோப்புறை இந்தப் பட்டியலில் இயல்பாக இருப்பதில்லை. விண்டோஸின் பழைய கட்டளைச் சாளரத்தில் பழகியவர்களுக்கு இது வியப்பளிக்கும், கண்ணெதிரே ‘காப்பு.எஸ்ஹெச்’ என்ற ஸ்கிரிப்ட் (கட்டளைகளை எழுதிவைத்த கோப்பு) இருக்க, அதன் பெயரைத் தட்டினால் கிடைக்கவில்லை என்று லினக்ஸ் சொல்கிறது. இது வேண்டுமென்றே செய்யப்பட்ட ஏற்பாடு. பலர் எழுதக்கூடிய ஒரு கோப்புறையில் ஒருவர் ‘எல்எஸ்’ என்ற பெயரில் தீய நிரல் ஒன்றை வைத்துவிட்டுப் போனால், அங்கே வந்து கோப்புகளைப் பட்டியலிட முயலும் ஒவ்வொருவரும் அதை இயக்கிவிடும் இடர் உண்டு. ஆகவே, நிற்கும் கோப்புறையில் உள்ள ஸ்கிரிப்டை இயக்க ‘./காப்பு.எஸ்ஹெச்’ என்று புள்ளியும் சாய்கோடும் சேர்த்தே தட்ட வேண்டும். பட்டியலின் தொடக்கத்திலோ முடிவிலோ வெறும் முக்காற்புள்ளி நின்றாலும், நடுவில் இரண்டு அடுத்தடுத்து வந்தாலும், அந்த வெற்றிடம் நிற்கும் கோப்புறையையே குறிக்கும் என்பதையும் அறிந்திருப்பது நல்லது. பலருடைய கணினிகளில் இந்த ஓட்டை அவர்கள் அறியாமலேயே திறந்து கிடக்கிறது.

## முதல் படி: செய்தியை இறுதிவரை படித்தல்

செய்தியின் தொடக்கத்தில் யார் பேசுகிறார் என்பது குறிக்கப்பட்டிருக்கும். ‘பாஷ்:’ என்று தொடங்கினால் உங்கள் ஷெல் பேசுகிறது. ‘சூடோ:’ என்று தொடங்கினால், ஷெல் தன் வேலையை முடித்துவிட்டது, தேடித் தோற்றது, நிர்வாகி அதிகாரத்தோடு கட்டளைகளை இயக்க உதவும் சூடோ நிரல் என்று பொருள். அதன் தேடல் பட்டியல் வேறு. ‘எஸ்ஹெச்: 1:’ என்பது போல வந்து, ‘கமாண்ட்’ என்ற சொல் இல்லாமல் ‘நாட் ஃபவுண்ட்’ என்று மட்டும் முடிந்தால், அது டாஷ் என்ற சிறிய ஷெல்லின் குரல். இடையில் ‘லைன் 12’ என்பதுபோல வரி எண் இருந்தால், பிழை ஒரு ஸ்கிரிப்டுக்குள் இருக்கிறது. காளி லினக்ஸ் போல, ஸெட்ஷெல் என்ற வேறொரு ஷெல்லை இயல்பாகத் தரும் வழங்கல்களில், கட்டளையின் பெயர் செய்தியின் கடைசியில் வரும்.

ஐயம் இருந்தால், பிழை வந்த உடனே ‘எக்கோ $?’ என்று தட்டுங்கள். 127 என்று வந்தால் கட்டளை அகப்படவில்லை. 126 என்று வந்தால் கோப்பு அகப்பட்டது, ஆனால் அதை இயக்க முடியவில்லை. ‘சிஎச்மாட் +எக்ஸ்’ கொடுத்து இயக்குரிமை வழங்குவதே பெரும்பாலும் அதற்கான தீர்வு. ‘நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி’ என்று வரும் செய்தியோடும் 127 வரக்கூடும். கோப்பு கண்ணெதிரே இருந்தும் அவ்வாறு வந்தால், அந்த நிரலை ஏற்றுவதற்குத் தேவையான வேறொரு கோப்பு இல்லை என்று கொள்ள வேண்டும்: 64 பிட் கணினியில் 32 பிட் நிரலை அதற்குரிய நூலகங்கள் இல்லாமல் இயக்கினால் இப்படித்தான் நேரும்.

## இரண்டாம் படி: பெயரைச் சரிபார்த்தல்

லினக்ஸ் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் வேறு வேறாகவே பார்க்கிறது என்பதும், எழுத்துகள் இடம் மாறித் தட்டப்படுவது எல்லோருக்கும் நேர்வது என்பதும் தெரிந்தவையே. இவற்றைவிடப் பிடிபடாதவை நகலெடுத்து ஒட்டும்போது கூடவே வருபவை.

வலைப்பக்கங்களில் கட்டளைகளுக்கு முன்னால் டாலர் குறி அச்சிடப்பட்டிருக்கும். அது, சாதாரணப் பயனராக இயக்க வேண்டும் என்பதைக் காட்டும் அடையாளம், கட்டளையின் பகுதியன்று. அதையும் சேர்த்து ஒட்டினால் ‘$: கமாண்ட் நாட் ஃபவுண்ட்’ என்று வரும். அதே இடத்தில் # குறி இருந்தால் நிலைமை இன்னும் மோசம்: ஷெல் அந்த வரி முழுவதையும் குறிப்புரை என்று கருதி, ஒரு பிழையும் காட்டாமல் விட்டுவிடும்.

மற்றொன்று, உடையா இடைவெளி. சில வலைப்பக்கங்களும் சொற்செயலிகளும் சாதாரண இடைவெளிக்குப் பதிலாக, வரி முறியாமலிருக்க இந்த வகை இடைவெளியைப் போடுகின்றன. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரிந்தாலும் ஷெல் இதை இடைவெளியாக ஏற்பதில்லை. கட்டளையும் அதன் தெரிவும் ஒட்டிய ஒரே பெயராகத் தேடப்பட்டு, செய்தியிலும் இரண்டும் சேர்ந்தே வரும். அப்படி வந்தால் வரியைக் கையால் மீண்டும் தட்டிப் பாருங்கள். உறுதிசெய்துகொள்ள விரும்பினால், அந்த வரியை ஒற்றை மேற்கோளுக்குள் வைத்து ‘எக்கோ’ மூலம் ‘ஓடி -சி’ கட்டளைக்குக் குழாய்வழி அனுப்புங்கள். இடைவெளி இருக்க வேண்டிய இடத்தில் 302 240 என்ற எண்கள் தெரிந்தால் குற்றவாளி அதுவே.

## மூன்றாம் படி: நிரல் கணினியில் இருக்கிறதா

‘டைப் -ஏ பெயர்’ என்பதே இதற்குத் தொடங்க வேண்டிய கட்டளை. அது ஷெல்லிலேயே உள்ளடங்கியது என்பதால், ஏலியஸ், ஃபங்ஷன், உள்ளடங்கிய கட்டளை, பாத் பட்டியலில் உள்ள கோப்பு என அப்பெயருக்குரிய எல்லாவற்றையும் தேடப்படும் வரிசையிலேயே காட்டிவிடும். பலரும் பழக்கத்தால் பயன்படுத்தும் ‘விச்’ ஒரு தனி நிரல். பெரும்பாலான வழங்கல்களில் அதற்கு உங்கள் ஷெல்லின் ஏலியஸ்களும் ஃபங்ஷன்களும் தெரியா. ஸ்கிரிப்டுக்குள் ஒரு நிரல் இருக்கிறதா என்று சோதிக்க ‘கமாண்ட் -வி பெயர்’ என்பதைப் பயன்படுத்துவதே நல்ல வழக்கம்.

பாத் பட்டியலுக்கு வெளியே எங்கேனும் இருக்கிறதா என்று பார்க்க ‘வேர்இஸ் பெயர்’ உதவும். அது வழக்கமான நிரல் கோப்புறைகளைத் தன் போக்கில் துழாவும். தொகுப்பை நிறுவிய பிறகும் கட்டளை கிடைக்கவில்லையென்றால், அந்தத் தொகுப்பு எந்தெந்தக் கோப்புகளை எங்கே வைத்தது என்று நேராகவே கேட்டுவிடலாம்: டெபியனிலும் உபுண்டுவிலும் ‘டிபிகேஜி -எல் தொகுப்பு | கிரெப் பின்/’ (இங்கே எல் பெரிய எழுத்து), ஃபெடோராவில் ‘ஆர்பிஎம் -க்யூஎல் தொகுப்பு | கிரெப் பின்/’ (இங்கே இரண்டும் சிறிய எழுத்து).

தொகுப்பின் பெயரும் கட்டளையின் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை என்பதே இங்கே பெரும் குழப்பம். ‘டிக்’ கட்டளை டெபியனில் ‘பைண்ட்9-டிஎன்எஸ்யூட்டில்ஸ்’ தொகுப்பிலும், ஃபெடோராவில் ‘பைண்ட்-யூட்டில்ஸ்’ தொகுப்பிலும் இருக்கிறது. ‘கில்ஆல்’ கட்டளைக்கு ‘பிஎஸ்மிஸ்க்’ வேண்டும். உபுண்டுவில் ‘ஆட்-ஏபிடி-ரெப்பாசிட்டரி’ கட்டளைக்கு ‘சாஃப்ட்வேர்-ப்ராப்பர்ட்டீஸ்-காமன்’ வேண்டும். இதற்கு மறுதலையான நிலையும் உண்டு: ‘பேட்’ என்ற தொகுப்பை டெபியனில் நிறுவினால் கட்டளையின் பெயர் ‘பேட்கேட்’ என்றும், ‘எஃப்டி-ஃபைண்ட்’ தொகுப்பை நிறுவினால் ‘எஃப்டிஃபைண்ட்’ என்றும் அமையும், ஏனெனில் அவற்றின் மூலப் பெயர்களை வேறு தொகுப்புகள் ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருந்தன.

ஊகிப்பதற்குப் பதில் தேடுவதே நேரத்தை மிச்சப்படுத்தும். உபுண்டுவில் ‘கமாண்ட்-நாட்-ஃபவுண்ட்’ என்ற பெயரிலேயே ஒரு தொகுப்பு இயல்பாக நிறுவப்பட்டிருக்கும். 2009-இல் வந்த பாஷ் 4.0, கட்டளை அகப்படாதபோது அழைக்கப்படும் ஒரு சிறப்பு ஃபங்ஷனை அறிமுகப்படுத்தியது. இந்தத் தொகுப்பு அதைப் பயன்படுத்தி, எந்தத் தொகுப்பை நிறுவலாம் என்று பரிந்துரைக்கிறது. அந்தப் பரிந்துரையைக் கண்மூடித்தனமாகப் பின்பற்ற வேண்டாம்: தவறாகத் தட்டிய பெயருக்கும் அதற்கு நெருங்கிய ஒரு தொகுப்பை அது முன்மொழியக்கூடும். டெபியனில் ‘ஏபிடி-ஃபைல்’ தொகுப்பை நிறுவி, ‘ஏபிடி-ஃபைல் அப்டேட்’ கொடுத்தபின் ‘ஏபிடி-ஃபைல் சர்ச் பின்/டிக்’ என்று தேடலாம். ஃபெடோராவில் ‘டிஎன்எஃப் புரொவைட்ஸ் '*/பின்/டிக்'’ அதே வேலையைச் செய்யும்.

சில கட்டளைகள் காலத்தால் விலக்கப்பட்டவை. பழைய பாடங்களில் வரும் ‘இஃப்கான்ஃபிக்’, ‘நெட்ஸ்டாட்’ ஆகியவை ‘நெட்-டூல்ஸ்’ தொகுப்பைச் சேர்ந்தவை. இன்றைய நிறுவல்களில் அத்தொகுப்பு பெரும்பாலும் இருப்பதில்லை. அதை நிறுவுவதைவிட ‘ஐபி அட்ரஸ்’, ‘எஸ்எஸ்’ ஆகியவற்றைப் பழகிக்கொள்வது மேல். ‘பைத்தான்’ கட்டளையும் இத்தகையதே: பைத்தான் 2-க்கான ஆதரவு 2020 சனவரி 1-ஆம் நாளோடு முடிவுக்கு வந்ததையடுத்து, உபுண்டு 20.04 முதல் எண் இல்லாத ‘பைத்தான்’ என்ற பெயர் இயல்பாகக் கிடைப்பதில்லை. ‘பைத்தான்3’ என்று தட்டினால் போதும். பழைய ஸ்கிரிப்டுகளுக்காக அந்தப் பெயரே வேண்டுமென்றால் ‘பைத்தான்-இஸ்-பைத்தான்3’ என்ற தொகுப்பு இருக்கிறது.

## நான்காம் படி: பாத் பட்டியலைப் பார்த்தலும் திருத்தலும்

நிரல் இருக்கிறது, ஷெல் மட்டும் காணவில்லை என்றால் பிரச்சினை பட்டியலில் இருக்கிறது. ‘எக்கோ $பாத்’ என்று தட்டினால் அது ஒரே நீண்ட வரியாக வரும். ‘எக்கோ $பாத் | டிஆர் ':' '\என்'’ என்று கொடுத்தால் கோப்புறைக்கு ஒரு வரியாகப் பிரிந்து, படிப்பதற்கு எளிதாகும். அதில் நிரல் இருக்கும் கோப்புறை உண்டா என்று பாருங்கள்.

பொதுவாக விடுபடுபவை, பயனரின் சொந்தக் கோப்புறைக்குள் நிறுவப்படும் நிரல்களின் இடங்களே. பைத்தானின் ‘பிப்’ பயனர் அளவில் நிறுவும் கட்டளைகளும், ‘பிப்எக்ஸ்’ நிறுவுபவையும் ‘~/.லோக்கல்/பின்’ கோப்புறைக்குச் செல்கின்றன. ரஸ்ட் மொழியின் ‘கார்கோ’ நிறுவுபவை ‘~/.கார்கோ/பின்’ கோப்புறைக்கும், கோ மொழி நிறுவுபவை ‘~/கோ/பின்’ கோப்புறைக்கும் செல்கின்றன. இந்தக் கருவிகள் நிறுவும்போதே பெரும்பாலும் எச்சரிக்கை ஒன்றை அச்சிடும். ஆனால் வேகமாக ஓடும் வரிகளுக்கிடையே அது கவனிக்கப்படாமல் போய்விடும்.

இப்போதைய முனையத்துக்கு மட்டும் சேர்க்க:

‘எக்ஸ்போர்ட் பாத்="$ஹோம்/.லோக்கல்/பின்:$பாத்"’

சமக்குறியின் இருபுறமும் இடைவெளி கூடாது. கடைசியில் வரும் ‘:$பாத்’ என்ற பகுதியை விட்டுவிட்டால், பழைய பட்டியல் முழுவதும் அழிந்து ‘எல்எஸ்’ கூட வேலை செய்யாது. அலைக்குறியை (~) இரட்டை மேற்கோளுக்குள் வைத்தால் அது சொந்தக் கோப்புறையின் முகவரியாக விரிவடையாது. பாஷ் சில வேளைகளில் அதைப் பொறுத்துக்கொண்டாலும் மற்ற நிரல்கள் பொறுத்துக்கொள்வதில்லை. ஆகவே $ஹோம் என்றே எழுதும் பழக்கத்தைக் கொள்ளுங்கள். புதிய கோப்புறையை முன்னால் சேர்த்தால், அதே பெயரில் கணினியோடு வரும் நிரலை உங்களுடையது மறைத்துவிடும். அது உங்கள் நோக்கமில்லையென்றால் பின்னால் சேருங்கள்.

முனையத்தை மூடியதும் இந்த மாற்றம் மறைந்துவிடும். நிலைநிறுத்துவதற்கு எந்தக் கோப்பில் எழுதுவது என்ற கேள்விக்கு, பாஷ் எப்போது எந்தக் கோப்பைப் படிக்கிறது என்பதைப் புரிந்துகொள்ளாமல் விடை காண முடியாது. நீங்கள் உள்நுழையும்போது தொடங்கும் ஷெல், ‘~/.பாஷ்_புரொஃபைல்’, ‘~/.பாஷ்_லாகின்’, ‘~/.புரொஃபைல்’ ஆகிய மூன்றையும் இதே வரிசையில் பார்த்து, முதலில் அகப்படும் ஒன்றை மட்டும் படிக்கும். வரைகலைச் சூழலில் நீங்கள் திறக்கும் சாதாரண முனையச் சாளரமோ ‘~/.பாஷ்ஆர்சி’ கோப்பைப் படிக்கும். உபுண்டுவில் இயல்பாக இருப்பது ‘~/.புரொஃபைல்’. ஏதோ ஒரு கருவி உங்களுக்குச் சொல்லாமல் ‘~/.பாஷ்_புரொஃபைல்’ என்ற கோப்பை உருவாக்கிவிட்டால், அன்றிலிருந்து ‘~/.புரொஃபைல்’ படிக்கப்படாமல் போகும். நேற்றுவரை வேலை செய்த கட்டளைகள் இன்று இல்லாமற்போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பாத் மாற்றத்தை ‘~/.புரொஃபைல்’ கோப்பில் எழுதுவதே என் பரிந்துரை, ஏனெனில் உள்நுழையும்போது ஒருமுறை அமைந்தால் அது எல்லாச் சாளரங்களுக்கும் மரபாகச் செல்லும். ‘~/.பாஷ்ஆர்சி’ கோப்பில் எழுதினால், ஷெல்லுக்குள் ஷெல்லைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் அதே கோப்புறை பட்டியலில் மீண்டும் மீண்டும் சேர்ந்துகொண்டே போகும்; அதனால் தீங்கில்லை என்றாலும் படிக்கும்போது எரிச்சலூட்டும். உபுண்டுவின் ‘~/.புரொஃபைல்’ கோப்பில் ‘~/.லோக்கல்/பின்’ கோப்புறையைச் சேர்க்கும் வரிகள் ஏற்கெனவே உள்ளன, ஆனால் அக்கோப்புறை உள்நுழையும் நேரத்தில் இருந்தால் மட்டுமே அவை செயல்படும். முதன்முறையாக எதையேனும் அங்கே நிறுவியபின் கட்டளை கிடைக்காமலும், வெளியேறி மீண்டும் உள்நுழைந்தபின் தானாகக் கிடைப்பதும் இதனால்தான். ‘/ஈடிசி/என்விரான்மென்ட்’ கோப்பில் எழுதுவோர், அது ஷெல் ஸ்கிரிப்ட் அன்று என்பதையும், $ஹோம், $பாத் ஆகியவை அதில் விரிவடையா என்பதையும் மறக்கக்கூடாது.

மாற்றியபின், இருக்கும் முனையத்தை மூடாமல் வேறொரு முனையத்தில் ‘பாஷ் -எல்’ (சிறிய எல்) கொடுத்துச் சோதியுங்கள். பிழை இருந்தால் திருத்துவதற்குப் பழைய முனையம் கையில் இருக்கும்.

இங்கேயே சொல்ல வேண்டிய இன்னொன்று: ‘என்விஎம்’ போன்ற கருவிகள் நிரல்களே அல்ல; அவை ‘~/.பாஷ்ஆர்சி’ வழியாக ஏற்றப்படும் ஷெல் ஃபங்ஷன்கள். அவற்றின் மூலம் நிறுவிய ‘நோட்’ கட்டளை, அந்தக் கோப்பைப் படித்த ஷெல்லில் மட்டுமே கிடைக்கும். பைத்தானின் மெய்நிகர் சூழலும் அவ்வாறே, ‘ஆக்டிவேட்’ செய்த முனையத்தில் மட்டும் பாத் பட்டியலை மாற்றுகிறது. புதிய சாளரத்தில் அதை மீண்டும் செய்ய வேண்டும்.

## ஐந்தாம் படி: சூடோவும் எஸ்யூவும்

சாதாரணமாக வேலை செய்யும் கட்டளை சூடோவோடு சேர்த்தால் மட்டும் அகப்படவில்லையென்றால், ‘/ஈடிசி/சூடோயர்ஸ்’ கோப்பில் ‘செக்யூர்_பாத்’ என்ற சொல் உள்ள வரியைப் பார்க்க வேண்டும். அது அமைந்திருக்கும் கணினிகளில், சூடோ உங்கள் பாத் பட்டியலைப் புறக்கணித்து அந்த வரியில் உள்ள கோப்புறைகளில் மட்டுமே தேடும். ரெட் ஹேட் 7, 8 ஆகிய பதிப்புகளின் இயல்பமைப்பில் ‘/யூஎஸ்ஆர்/லோக்கல்/பின்’ அதில் இல்லை. எனவே அங்கே கையால் நிறுவிய நிரல் சூடோவுக்குத் தெரிவதில்லை. ஒருமுறை மட்டும் தேவையென்றால் முழு முகவரியைத் தட்டுங்கள், அல்லது ‘சூடோ "$(கமாண்ட் -வி நோட்)"’ என்று கொடுத்து, உங்கள் ஷெல் கண்டுபிடித்த முகவரியை சூடோவிடம் ஒப்படையுங்கள். அந்தக் கோப்பையே மாற்றுவதாக இருந்தால் ‘வைசூடோ’ மூலம் மட்டும் மாற்றுங்கள். அதில் ஒரு இலக்கணப் பிழை நேர்ந்தால் சூடோவே இயங்காமல் போகக்கூடும். உங்கள் சொந்தக் கோப்புறையை அந்த வரியில் சேர்ப்பது, அங்கே எழுத முடிந்த எவருக்கும் ரூட் என்ற நிர்வாகியின் அதிகாரத்துக்கு வழிவிடுவதாகும் என்பதால், அதைச் செய்யாதிருப்பதே நன்று.

‘சூடோ சிடி’ வேலை செய்யாததற்குக் காரணம் வேறு: ‘சிடி’ ஷெல்லுக்குள் உள்ளடங்கியது, இயக்குவதற்குத் தனி நிரல் இல்லை. ‘சூடோ -ஐ’ கொடுத்து ரூட் ஷெல்லுக்குள் சென்றபின் கோப்புறையை மாற்றிக்கொள்ளலாம்.

டெபியனில் சாதாரணப் பயனரின் பட்டியலில், நிர்வாகக் கட்டளைகள் இருக்கும் ‘எஸ்பின்’ கோப்புறைகள் இடம்பெறுவதில்லை. 2019-இல் வெளிவந்த டெபியன் 10 முதல், வெறும் ‘எஸ்யூ’ கொடுத்து ரூட் ஆனாலும் பழைய பயனரின் பட்டியலே தொடர்கிறது. ஆகவே ரூட்டாக இருந்தும் ‘யூசர்மாட்’, ‘எஃப்டிஸ்க்’ போன்றவை கிடைக்கவில்லை என்ற செய்தி வருகிறது. தொகுப்புகளை மீண்டும் நிறுவித் தவிக்கத் தேவையில்லை. ‘எஸ்யூ -’ என்று ஒரு இடைக்கோட்டைச் சேர்த்தால் ரூட்டுக்குரிய முழுச் சூழலும் அமைந்து, எல்லாம் கிடைத்துவிடும்.

## ஆறாம் படி: கிரானிலும் தொலை இணைப்பிலும்

முனையத்தில் ஒழுங்காக ஓடும் ஸ்கிரிப்ட், குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக இயக்கும் கிரானில் தோற்பது பெரும்பாலும் இதே காரணத்தால்தான். டெபியனில் பயனரின் கிரான் வேலைகளுக்குக் கிடைக்கும் பட்டியல் ‘/யூஎஸ்ஆர்/பின்:/பின்’ என்ற இரண்டு மட்டுமே. கிரான்டேப் கோப்பின் தொடக்கத்தில் பாத் வரி ஒன்றை நீங்களே எழுதலாம். ஆனால் அங்கே $பாத், $ஹோம் ஆகியவை விரிவடையா, முகவரிகளை முழுமையாக எழுத வேண்டும். ஸ்கிரிப்டுக்குள் நிரல்களின் முழு முகவரியைக் குறிப்பிடுவது இன்னும் உறுதியானது.

‘எஸ்எஸ்ஹெச்’ வழியாகத் தொலைவிலுள்ள கணினியில் ஒரே ஒரு கட்டளையை இயக்கும்போது, அங்கே உள்நுழைவு ஷெல் தொடங்குவதில்லை, அதனால் ‘~/.புரொஃபைல்’ படிக்கப்படுவதில்லை. உபுண்டுவின் ‘~/.பாஷ்ஆர்சி’ கோப்பின் தொடக்கத்திலோ, ஊடாடும் ஷெல் இல்லையென்றால் இங்கேயே திரும்பிவிடு என்ற வரிகள் இருக்கின்றன. நீங்கள் அக்கோப்பின் கடைசியில் சேர்த்த பாத் வரியை ஷெல் எட்டுவதே இல்லை. அதை அந்த வரிகளுக்கு மேலே நகர்த்துவது ஒரு தீர்வு.

## ஏழாம் படி: ஸ்கிரிப்டுக்குள் வரும் பிழைகள்

ஸ்கிரிப்டுகளில் இந்தச் செய்தி வரும்போது பெரும்பாலும் எந்த நிரலும் விடுபட்டிருக்காது; நாம் கட்டளையாக நினைக்காத ஒன்றை ஷெல் கட்டளையாகப் படித்திருக்கும். ‘எண் = 5’ என்று இடைவெளியோடு எழுதினால், ஷெல் ‘எண்’ என்ற பெயருள்ள நிரலைத் தேடும்; ‘எண்=5’ என்று ஒட்டி எழுத வேண்டும். இன்னும் மதிப்பில்லாத மாறிக்கு மதிப்பளிக்கும்போது டாலர் குறி இட்டு ‘$எண்=5’ என்று எழுதினால் ‘=5’ அகப்படவில்லை என்று வரும். சதுர அடைப்பு ஒரு கட்டளையின் பெயர் என்பதால், அதன் பின் இடைவெளி விடாமல் ‘[$எண்’ என்று எழுதினால் ‘[5’ என்ற நிரல் இல்லை என்று வரும். (மாறியின் பெயர்களை ஆங்கில எழுத்திலேயே வைக்க வேண்டும், பாஷ் தமிழ்ப் பெயர்களை மாறிகளாக ஏற்பதில்லை.)

‘சோர்ஸ்: நாட் ஃபவுண்ட்’ அல்லது ‘[[: நாட் ஃபவுண்ட்’ என்று வந்தால், பாஷுக்காக எழுதிய ஸ்கிரிப்டை டாஷ் இயக்குகிறது. உபுண்டு 6.10 பதிப்பு முதல் ‘/பின்/எஸ்ஹெச்’ என்பது டாஷையே சுட்டுகிறது. ‘எஸ்ஹெச் காப்பு.எஸ்ஹெச்’ என்று இயக்குவதற்குப் பதில் ‘பாஷ் காப்பு.எஸ்ஹெச்’ என்று இயக்குங்கள்; முதல் வரியிலும் ‘#!/பின்/பாஷ்’ என்று இருக்கட்டும்.

‘$'\ஆர்': கமாண்ட் நாட் ஃபவுண்ட்’ என்று வருவது விண்டோஸில் திருத்தப்பட்ட கோப்புகளின் அடையாளம். அங்கே ஒவ்வொரு வரியின் முடிவிலும் கூடுதலாக ஒரு கட்டுப்பாட்டெழுத்து சேர்கிறது; வெற்று வரியில் அதைக் காணும் ஷெல், அதையே கட்டளையாகத் தேடுகிறது. ‘டாஸ்2யூனிக்ஸ் காப்பு.எஸ்ஹெச்’ என்று கொடுத்தால் சரியாகிவிடும்.

இவை எல்லாவற்றிலும் வேடிக்கையானது, ஸ்கிரிப்டை எழுதியவர் ஏதோ ஒரு கோப்பின் முகவரியை வைத்துக்கொள்ளப் பெரிய எழுத்தில் பாத் என்ற பெயரையே மாறிக்குச் சூட்டிவிடுவது. அந்த வரியைத் தாண்டியதும் ‘எல்எஸ்’, ‘கேட்’, ‘கிரெப்’ எதுவும் கிடைக்காது. ‘எக்கோ’ மட்டும் தொடர்ந்து வேலை செய்யும், ஏனெனில் அது உள்ளடங்கியது. ஸெட்ஷெல்லில் சிறிய எழுத்து ‘பாத்’ என்பதும் அதே பட்டியலோடு பிணைக்கப்பட்டிருப்பதால், அங்கே அந்தப் பெயரையும் தவிர்க்க வேண்டும்.

## எல்லாக் கட்டளைகளும் ஒரே நேரத்தில் மறைந்துவிட்டால்

பாத் அழிந்துபோனது என்று பொருள். நிரல்கள் அனைத்தும் இருந்த இடத்தில்தான் இருக்கின்றன. இந்த வரியைத் தட்டுங்கள்:

‘எக்ஸ்போர்ட் பாத்=/யூஎஸ்ஆர்/லோக்கல்/எஸ்பின்:/யூஎஸ்ஆர்/லோக்கல்/பின்:/யூஎஸ்ஆர்/எஸ்பின்:/யூஎஸ்ஆர்/பின்:/எஸ்பின்:/பின்’

உடனே எல்லாம் திரும்பிவிடும். பிறகு, அழிவுக்குக் காரணமான வரியை ‘~/.புரொஃபைல்’, ‘~/.பாஷ்ஆர்சி’ கோப்புகளில் தேடித் திருத்துங்கள். பிழையால் வரைகலைச் சூழலுக்குள் நுழையவே முடியவில்லையென்றால், கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தி உரை முனையத்துக்குச் சென்று உள்நுழைந்து, ‘/யூஎஸ்ஆர்/பின்/நானோ ~/.புரொஃபைல்’ என்று முழு முகவரியோடு திருத்தியை அழைக்கலாம்.

## நேற்றுவரை இருந்தது, இன்று பழைய இடத்திலேயே தேடுகிறது

ஒருமுறை கண்டுபிடித்த நிரலின் முகவரியை பாஷ் நினைவில் வைத்துக்கொள்கிறது. அந்த நிரலை நீக்கி வேறு கோப்புறையில் மீண்டும் நிறுவினால், திறந்திருக்கும் முனையம் பழைய முகவரியையே நாடி, ‘நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி’ என்று சொல்லும். ‘டைப் பெயர்’ என்று தட்டும்போது ‘ஹாஷ்ட்’ என்ற சொல்லோடு பழைய முகவரி வந்தால் இதுவே காரணம். ‘ஹாஷ் -ஆர்’ என்று தட்டி அந்த நினைவை அழித்துவிடலாம். புதிய முனையத்தைத் திறந்தாலும் போதும்.

## கொள்கலன்களுக்குள்

நிரல்களைத் தனித்த சூழலில் இயக்கும் டாக்கர் கொள்கலன்களில் இந்தப் பிழை வந்தால் பாத் பட்டியலை ஆராய்வதில் பயன் குறைவு. பெரும்பாலும் நிரல் உண்மையாகவே இல்லை. கொள்கலன்களை உருவாக்கப் பயன்படும் டெபியனின் சிறு படிமங்களில் ‘பிங்’, ‘பிஎஸ்’, ‘ஐபி’, ‘விம்’ எதுவும் இருப்பதில்லை. இவற்றுள் ‘பிஎஸ்’ கட்டளைக்கு ‘ப்ராக்பிஎஸ்’, ‘ஐபி’ கட்டளைக்கு ‘ஐப்ரூட்2’, ‘பிங்’ கட்டளைக்கு ‘ஐபியூட்டில்ஸ்-பிங்’ ஆகிய தொகுப்புகள் வேண்டும். படிமத்தில் தொகுப்புப் பட்டியல்கள் அழிக்கப்பட்டிருக்கும் என்பதால் ‘ஏபிடி அப்டேட்’ கொடுத்த பிறகே நிறுவ முடியும். ஆல்பைன் படிமங்களில் பாஷே இல்லை. அங்கே ‘எஸ்ஹெச்’ மூலம் உள்ளே சென்று ‘ஏபிகே ஆட் பாஷ்’ என்று நிறுவ வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் கொள்கலனில் நிறுவியவை அதை நீக்கி மீண்டும் உருவாக்கும்போது போய்விடும் என்பதால், தொடர்ந்து தேவைப்படும் நிரலை டாக்கர்ஃபைலிலேயே சேர்த்து, படிமத்தைப் புதிதாகக் கட்டுங்கள்.